திருத்தாத பாட்டு

"உன்கிட்ட எல்லாம் சரியா இருக்கு. ஆனா ஃபீல் இல்ல."

அவன் இதைச் சொன்னது ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருமுனையில், ஸ்கூட்டரை அணைக்காமல். ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கியிருந்தான். மூன்று வருடம் என்னோடு ஆடியவன். அதில் இரண்டரை வருடம் என்னைக் காதலித்தவன், அல்லது அப்படிச் சொன்னவன்.

"உன்கூட ஆடறது எக்செல் ஷீட்கூட ஆடற மாதிரி இருக்குடி. தப்பா எடுத்துக்காத."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் போனதும் வீட்டுக்கு வந்து, அவன் சொன்ன வாக்கியங்களைப் போனில் வரிசையாகக் குறித்து வைத்தேன். மொத்தம் ஆறு. அழுவதற்கு முன்பே எழுதிவிட்டேன். அழுத பிறகு எழுதினால் வார்த்தைகள் மாறிவிடும் என்று பயம்.

நாங்கள் ஆடியது பச்சாட்டா. கரீபியக் கடலில் இருக்கும் டொமினிக்கன் நாட்டில், சாராயக் கடைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் வளர்ந்த பாட்டு. முன்னால் ஒரு கிட்டார், பின்னால் ஒரு கிட்டார், தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு விரலால் அடிக்கும் ஒரு ஜோடிச் சின்ன மேளம், கம்பியால் சுரண்டும் ஓர் உலோக உருளை. இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடையாது. பாடுகிறவன் பெரும்பாலும் ஓர் ஆண். அவனை ஒருத்தி விட்டுப் போயிருப்பாள். கௌரவமானவர்கள் வெகுகாலம் இதை வீட்டுக்குள் விடவில்லை என்கிறார்கள். கசப்பின் பாட்டு என்று அங்கேயே அதற்கு ஒரு பெயர் உண்டு.

பெங்களூருக்கு அது வந்து சேர்ந்தபோது கசப்பு வழியிலேயே எங்கோ இறங்கிவிட்டது. இந்திராநகர்ப் பக்கத்து மாடி ஹால்களில் வார இறுதிகளில் ஆடுகிறவர்களில் பாதிக்கு மேல் ஐ.டி. ஆட்கள். புதிய வகைப் பாட்டுகளுக்கு, கணினியில் செய்த மெத்தென்ற தாளத்துக்கு, பல் தெரியச் சிரித்தபடி ஆடுவார்கள். பழைய பாட்டு ஒன்றிரண்டு போட்டால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். வேகம் அதிகம், எப்போது எங்கே திரும்பும் என்று தெரியாது.

நானும் அவனும் சேர்ந்து நடத்திய வகுப்பு அப்படிப்பட்ட ஒரு ஹாலில்தான். அவன் சொல்லிக்கொடுப்பான், நான் அவனுக்கு ஜோடி. அதோடு பாட்டுக்கும் நான்தான் பொறுப்பு. ஒயிட்ஃபீல்டில் ஹெட்போன் செய்யும் ஒரு கம்பெனியில் ஒலியைச் சோதிப்பது என் வேலை. காலையிலிருந்து மாலை வரை ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எங்கே பிசகு என்று தாளில் குறிப்பேன். அந்தக் காதோடுதான் வகுப்புக்குப் போனேன்.

முதல் மாதத்திலேயே ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவனுக்குப் பாட்டு காதில் விழுவதில்லை.

காது நன்றாகத்தான் கேட்கும். ஒக்கலிபுரத்தில் அவன் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் எந்த ரயில் எந்தப் பிளாட்பாரத்துக்குப் போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வான். பாட்டில் 'ஒன்று' எங்கே விழுகிறது என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. பச்சாட்டாவில் எட்டு எண்ணிக்கை. மூன்று அடி வைத்து நான்காவதில் காலைத் தட்ட வேண்டும். மறுபக்கம் மூன்று அடி, எட்டில் தட்டல். அவன் தோளும் இடுப்பும் பார்க்கிறவர்களைக் கிறங்கடிக்கும். ஆனால் பாட்டு தொடங்கியதும் இரண்டிலோ மூன்றிலோ கிளம்பிவிடுவான். கடைசிவரை அப்படியே போவான்.

ஆடும்போது என் இடது கை அவன் தோளில் இருக்கும். 'ஒன்று' வரும்போது நடுவிரலால் லேசாக அழுத்துவேன். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். மூன்று வருடத்தில் இதைப் பற்றி நாங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. காதல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு அந்த விரல்தான்.

தனியாக நின்று சொல்லிக்கொடுக்கும்போது விரல் உதவாது. அதற்காகப் பாட்டுகளைத் திருத்த ஆரம்பித்தேன். முன்னிசையை வெட்டி, பாட்டு நேராக 'ஒன்றில்' தொடங்கும்படி செய்தேன். நான்காவது, எட்டாவது அடிகளில் மேளத்தின் சத்தத்தைத் தூக்கினேன். பழைய பாட்டுகளில் ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்திருப்பார்கள், உணர்ச்சி ஏற ஏற வேகமும் ஏறும். அதைக் கடிகாரம் போல ஒரே சீராக்கினேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்தேன். ஆமாம், எக்செல் தாள். அவன் போனில் இருந்தவை எல்லாம் இப்படித் திருத்தியவை. திருத்தாத பாட்டு எதுவும் அவனிடம் இல்லை, அவனுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

ஸ்கூட்டர் சனிக்கிழமைக்கு மூன்று வாரம் கழித்து வகுப்பின் ஆண்டு விழா வந்தது. நான் போகாமல் இருப்பேன் என்று எதிர்பார்த்திருப்பான். போனேன். ஒலிப்பெட்டிக்குப் பின்னால் வழக்கமான இடத்தில் நின்றேன். அவன் மைக்கைப் பிடித்துத் தன் புதிய ஜோடியை அறிமுகம் செய்தான். ஜெயநகரைச் சேர்ந்த பல் டாக்டர். நீண்ட கழுத்து. எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக நன்றி சொல்லிக்கொண்டே வந்தவன் என் பக்கம் கையை நீட்டி, "அப்புறம் நம்ம டெக்னிக்கல் சப்போர்ட்" என்றான். அதற்கும் கைதட்டினார்கள். நான் தலையசைத்தேன். ஏழாவது வாக்கியமாக அதைச் சேர்த்துக்கொண்டேன்.

அன்றே விலகியிருக்கலாம். பாட்டுப் போட எனக்குப் பதில் ஆள் இல்லை என்பதால் விலகவில்லை என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன். உண்மை அதுவல்ல. அவனுக்கு நான் தரவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. தூரத்திலிருந்து அதைத் தர முடியாது. அவனுக்குப் பாட்டு காதில் விழுவதில்லை என்பது ஹாலில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும். நான் சொல்லித் தெரியக் கூடாது. சொன்னால் விட்டுப் போனவன் மேல் பொறாமை என்பார்கள். கண்ணெதிரே நடக்க வேண்டும்.

எப்படி என்று அப்போது தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில், ஒலி புகாத சோதனை அறையில் புதிய ஹெட்போன் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தேன். வழக்கமான சோதனைச் சத்தங்கள் தீர்ந்துவிட, என் மடிக்கணினியில் இருந்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். திருத்தாத மூலப் பிரதி. வகுப்புக்காக ஆயிரம் முறை போட்ட பாட்டு, ஒரு வருடமாக மூலத்தைக் கேட்டதில்லை.

முதலில் கண்ணாடி டம்ளர் மேஜையில் உரசும் சத்தம். யாரோ ஒருவர் ஏதோ சொல்கிறார், இன்னொருவர் சிரிக்கிறார். கிட்டார் அரை அடி முன்னாலேயே கிளம்புகிறது, பொறுமை இல்லாமல். பாடுகிறவர் விட்டுப் போனவளைத் திட்டிக்கொண்டே வருகிறார். மொழிபெயர்ப்பில் ஏற்கெனவே படித்திருந்தேன்: நீ போன வீட்டில் உனக்குத் தூக்கம் வரக் கூடாது என்கிறார், உன் பெயரைக் கேட்டால் நாய்கூடக் குரைக்க வேண்டும் என்கிறார். நடுவில் ஓர் இடத்தில் அவர் குரல் உடைகிறது. பாட வேண்டிய இடத்தில் பாடவில்லை. மேளம் நிற்கிறது. கிட்டார்க்காரர் ஒரே ஒரு தந்தியை மீட்டிவிட்டுக் காத்திருக்கிறார். நான்கு அடி. கணக்கில் வராத நான்கு அடி. அப்புறம் பாடகர் மூச்சை இழுக்கும் சத்தம், மறுபடி பாட்டு, முன்னைவிட வேகமாக, முன்னைவிடக் கோபமாக.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தாளைத் திறந்தேன். நான் எழுதிய வரிகள்:

பாட்டு 7: பாடகர் தாமதம். நான்கு அடி கூடுதல். நீக்கம்.
பாட்டு 12: தொடக்கத்தில் பேச்சு, டம்ளர் சத்தம். நீக்கம்.
பாட்டு 19: வேகம் படிப்படியாகக் கூடுகிறது. சமன் செய்யப்பட்டது.
பாட்டு 23: தொடக்கத்தில் டம்ளர் சத்தம், சிரிப்பு. நடுவில் குரல் உடைகிறது. கிட்டார் காத்திருக்கிறது. நீக்கம்.

நாற்பத்தொரு பாட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒருவன் தன்னை அடக்க முடியாமல் போன இடத்தைத் தேடித் தேடி நீக்கியிருக்கிறேன், ஓர் ஆள் கால் தவறாமல் இருப்பதற்காக. அந்த ஆள்தான் எனக்கு ஃபீல் இல்லை என்றான்.

அந்த அறையில் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். என் மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பாட்டை இன்னொருமுறை போட்டேன்.

அதற்கப்புறம் வீட்டிலும் அதுதான் ஓடியது. அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். காலையில் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது போனில் போட்டேன். இரண்டு பாட்டுவரை பொறுத்துக்கொண்டாள்.

"யாருடி செத்துட்டாங்க?"

"யாரும் சாகலம்மா. லவ் சாங்."

"லவ் சாங்கா? நம்ம தெருவுல சாவு வூட்ல கானா பாடுவானுங்க, அவனுங்ககூட இவ்ளோ வயிறெரிஞ்சு பாட மாட்டானுங்க. இவன் அழுவல. சாபம் உட்றான்."

"ஆமா. சாபம்தான்."

மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னா, அந்தப் பையன் இப்பல்லாம் இந்தப் பக்கமே காணோம்?"

"முடிஞ்சு போச்சும்மா."

"எப்போ?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசம் வாய்ல கொழுக்கட்டையா?" ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள். ஒரு தையலை ஓட்டி முடித்தாள். பிறகு, "அவங்கம்மா குடுத்த பிளவுஸ் துணி மூணு இருக்கு. தைக்கறதா வேணாமா?"

"திருப்பிக் குடுத்துடும்மா."

"ஏன், தைச்சே குடுக்கறேன். கை மட்டும் ரெண்டு சுத்து டைட்டா."

தைத்தாள். கொடுத்தனுப்பினாள். அவன் அம்மா என்னிடம் எப்போதும் நன்றாகத்தான் பேசுவார். இருந்தாலும் நான் தடுக்கவில்லை.

டிசம்பரில் போட்டி அறிவிப்பு வந்தது. ஊரில் உள்ள பச்சாட்டா வகுப்புகள் எல்லாம் சேர்ந்து நடத்துவது, ஒரு ஞாயிறு மதியம், எங்கள் ஹாலில். சீட்டு குலுக்கி ஜோடி சேர்ப்பார்கள், யாரோடு ஆடப்போகிறோம் என்பது தெரியாது. என்ன பாட்டு என்பதும் தெரியாது. அந்த நிமிடத்தில் காதில் விழுவதைக் கேட்டு ஆட வேண்டும், அதுதான் போட்டி. இருவருக்கும் தனித்தனி மதிப்பெண். நடுவர் டொமினிக்கன் நாட்டிலிருந்தே வந்திருந்த ஓர் ஆசிரியர், கோவாவில் வகுப்பு எடுத்துவிட்டு இங்கே வருவதாக ஏற்பாடு. ஆண்களில் முதலில் வருபவரைத் தன்னோடு மற்ற ஊர்களுக்கு உதவி ஆசிரியராக அழைத்துப்போவார். அவனுக்கு அது வேண்டும். வகுப்பில் எல்லோரிடமும் தான் போவது உறுதி என்பதுபோலவே பேசிக்கொண்டிருந்தான்.

போட்டிக்குப் பாட்டுப் போடுவது நான். ஒரு வாரம் முன்பு போன் செய்தான். இதற்கு முன்பு நடந்த இரண்டு போட்டிகளிலும் இதே போன் வந்திருக்கிறது. அப்போதெல்லாம் கொடுத்திருக்கிறேன்.

"லிஸ்ட் ரெடியா?"

"எந்த லிஸ்ட்?"

"விளையாடாத. ஃபைனல்ஸ்."

"யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"எனக்குமா ரூல்? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணு மா. நம்ம கிளாஸ் பேருதானே."

நம்ம என்றான். அந்த வார்த்தையில்தான் எல்லாம் கூடி வந்தது.

"பாட்டுப் பேரும் ஆர்டரும் அனுப்பறேன். அவ்ளோதான்."

"அது போதும். ஃபைல்ஸ் என்கிட்ட இருக்கே."

"தெரியும்."

அனுப்பினேன். எந்தப் பாட்டு, எத்தனையாவது ஜோடிக்கு, எல்லாம் சரியாக. அந்தப் பட்டியலில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. நான்கு நாள் தன் போனில் இருந்த பிரதிகளை வைத்துப் பயிற்சி செய்திருக்கிறான். பல் டாக்டர் பிறகு சொன்னாள்.

நியாயத்துக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழி இருக்கிறது. மற்றவர்களுக்குக் கிடைக்காத பட்டியல் அவனுக்குக் கிடைக்கிறது, அதைச் சரிசெய்தேன் என்று. அந்த வழியை நான் எடுக்கவில்லை. அவன் கால் தடுமாற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நடுஹாலில், வெளிச்சத்தில், சிரித்த முகத்தோடு தடுமாற வேண்டும்.

ஞாயிறன்று மூன்று மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. மரத்தரையில் வழுக்குவதற்காக டால்கம் பவுடர் தூவியிருந்தார்கள். ஆண்கள் தோள்பையில் மாற்றுச் சட்டையோடு வந்திருந்தார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. நடுவர் ஐம்பது வயதுக்காரர், மடித்துவிட்ட சட்டை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் சுற்றுகளில் எல்லோருக்கும் பழகிய புதிய பாட்டுகள்தான். வகுப்பில் ஓடும் திருத்திய பிரதிகளையே போட்டேன், அவன் சுலபமாகத் தாண்டினான். இறுதிச் சுற்றுக்கு மூன்று ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் தனியாக ஆட வேண்டும்.

மறுபடி குலுக்கிய சீட்டில் அவனுக்கு விழுந்தது, சந்தாபுராவிலிருந்து வரும் ஒரு கணக்கு டீச்சர். நாற்பதைத் தாண்டியவர். பள்ளி முடிந்து இரண்டு பஸ் மாறி வகுப்புக்கு வருவார், ஆடும் செருப்பைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவன் அவரை "ஆன்ட்டி, கொஞ்சம் பின்னாடி நில்லுங்க" என்று எப்போதும் கடைசி வரிசைக்கு அனுப்புவான். அவரும் "நாள் பூரா ஃபர்ஸ்ட் பெஞ்சு பார்த்து அலுத்துடுச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டு போய் நிற்பார். சீட்டைப் பிரித்துப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு கணம் ஏமாற்றம் தெரிந்தது. உடனே சிரித்துக்கொண்டான். பாட்டுதான் தெரியுமே.

முதல் ஜோடிக்கு ஏழாம் பாட்டைப் போட்டேன். மூலப் பிரதி. கூடுதல் நான்கு அடி வந்த இடத்தில் இருவரும் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டார்கள், சிரித்தார்கள், நின்று கேட்டார்கள், சேர்ந்துகொண்டார்கள். நடுவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது ஜோடிக்குப் பத்தொன்பதாவது. வேகம் ஏற ஏற அந்தப் பையனுக்கு வியர்த்துக் கொட்டியது, ஆனால் விடவில்லை. பேங்கில் வேலை பார்ப்பவன், யாரோடும் அதிகம் பேசாதவன். கடைசியில் கைதட்டல் பெரிதாகவே இருந்தது.

தன் முறைக்குக் காத்திருந்த அவன் இதைக் கவனித்தானா என்று தெரியவில்லை. ஓரமாக நின்று சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். மற்றவர்களின் பாட்டைக் கேட்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. கேட்டிருந்தால் அப்போதே புரிந்திருக்கும்.

மூன்றாவது ஜோடி. இருபத்து மூன்றாவது பாட்டு. பொத்தானை அழுத்தினேன்.

டம்ளர் சத்தம் வந்தது. யாரோ சிரித்தார்கள். அவன் புருவத்தைச் சுருக்கினான். கிட்டார் அரை அடி முன்னால் தாவியதுமே 'ஒன்று' என்று நினைத்துக் கிளம்பிவிட்டான். டீச்சர் கிளம்பவில்லை. மேளம் விழும்வரை நின்றார். அவன் இழுத்தான், அவர் ஒரு கல்லைப்போல நின்றார், பிறகு சரியான இடத்தில் அடி வைத்தார். இப்போது அவன் ஒரு பக்கம், அவர் மறுபக்கம். அவன் சிரிப்பை விடவில்லை. குனிந்து அவர் காலைப் பார்த்துத் தன் காலை மாற்றிக்கொண்டான். ஒரு நிமிடம்வரை ஒப்பேற்றினான். பாட்டு வேகம் பிடித்தது. அவன் உதடு அசைய ஆரம்பித்தது. முதலில் முணுமுணுப்பு, பிறகு வாய்விட்டே எண்ணினான். வகுப்பில் எண்ணும் அதே குரல், ஆங்கிலத்தில்.

அவன் கை டீச்சரின் முதுகில் இருந்தது, டீச்சரின் கை அவன் தோளில். அந்தத் தோளில் யாரும் அழுத்தவில்லை.

குரல் உடையும் இடம் வந்தது. மேளம் நின்றது. ஒரே ஒரு தந்தி. ஹாலில் விசிறிச் சத்தம் மட்டும். அதில் அவன் குரல் தனியாக, தெளிவாகக் கேட்டது:

"ஃபைவ், சிக்ஸ், செவன்..."

"சார்," என்றார் டீச்சர். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் வேறு சத்தமே இல்லாததால் கடைசி வரிசைவரை கேட்டது. "எண்ணாதீங்க சார். அவர் அழுதுட்டிருக்காரு."

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள், கன்னடத்தில் ஒரு சிரிப்பு, இந்தியில் ஒரு சிரிப்பு என்று ஹாலைச் சுற்றி வந்தது. நடுவருக்கு யாரோ காதில் ஆங்கிலத்தில் சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. டீச்சரைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார்.

பாட்டு மறுபடி கிளம்பியபோது அவன் எந்தக் காலில் நிற்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு முறை கிளம்பி இரண்டு முறை நின்றான். டீச்சர் அவன் கையை விட்டுவிட்டு, எதிரே நின்று தனியாக அடி வைத்தார். அலங்காரம் ஒன்றும் இல்லை, மூன்று அடி, ஒரு தட்டல். ஆனால் பாட்டில் எங்கெல்லாம் வலித்ததோ அங்கெல்லாம் அவர் காலும் நின்று போனது. அவன் பக்கத்தில் நின்று கைதட்டினான். மாணவிக்கு இடம்விடும் ஆசிரியரைப்போல. யாரும் நம்பவில்லை.

பெண்களில் டீச்சருக்கு முதல் இடம். ஆண்களில் அந்தப் பேங்க் பையன். என் பழைய ஜோடியின் பெயர் மூன்றாவதாக வந்தது. மூன்று பேரில்.

ஐந்து நிமிடத்தில் ஒலிப்பெட்டி பக்கம் வந்தான்.

"வேற வெர்ஷன் போட்டுட்ட."

"ஒரிஜினல்."

"எனக்கு அனுப்பினது?"

"உனக்குப் பாட்டுப் பேரு அனுப்பினேன். அதே பாட்டுதான்."

"பிளான் பண்ணிப் பண்ணியிருக்க."

"ஆமா."

மறுப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் திகைத்தான். பிறகு தணிந்த குரலில், "எல்லாரு முன்னாடியும் இப்படியாடி? என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு வருஷம் தனியாத்தான்டா சொன்னேன். உன் தோள்ல."

அவன் கண் கலங்கியிருந்ததா என்று சொல்ல முடியாது, வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. இரக்கம் வருகிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். முறையாகவே தேடினேன். வரவில்லை. பல் டாக்டர் வந்து, "அந்தப் பாட்ட எனக்கு அனுப்ப முடியுமா? கட் பண்ணாதது" என்று கேட்டாள். அனுப்பினேன். அவளை வெறுப்பதற்கு ஒரு காரணம் குறைந்தது, மற்றவை அப்படியே இருந்தன.

போட்டி முடிந்தால் தரை எல்லோருக்கும் பொது. யார் யாரோடு வேண்டுமானாலும் ஆடலாம். நடுவர் தன் போனைக் கொண்டுவந்து, தான் கொண்டுவந்த பாட்டுகளைப் போடச் சொன்னார். எல்லாம் பழையவை. முதல் பாட்டு தொடங்கியதும் அவன் மறுபடி வந்தான். இந்தமுறை எல்லோரும் பார்க்கும்படி நடுத்தரையைத் தாண்டி, சிரித்துக்கொண்டு, கையை நீட்டியபடி. ஒன்றும் நடக்கவில்லை, பழைய ஜோடி, பழைய நட்பு என்று காட்டுவதற்கு. அவனுக்கு என் விரலும் தேவைப்பட்டிருக்கலாம்.

"வா. ஒரே பாட்டு."

இந்த இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. நீட்டிய கையை மறுப்பது கிட்டத்தட்ட அவமானம். மறுத்தவர் அந்தப் பாட்டு முடியும்வரை வேறு யாரோடும் ஆடக் கூடாது, உட்கார்ந்துவிட வேண்டும். அதனால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை, பிடிக்காதவரோடும் நான்கு நிமிடம் ஆடிவிட்டுப் போவார்கள். நானும் அதுவரை யாரையும் மறுத்ததில்லை.

"வேணாம்," என்றேன்.

கை நீட்டியபடியே இருந்தது. "ப்ளீஸ். எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்."

சுவரோரமாகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். டீச்சர் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆடவில்லையா என்று கண்ணாலேயே கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். அவன் நடுவில் தனியாக நின்று, யாரையாவது தேடுவதுபோல் சுற்றிலும் பார்த்துவிட்டு, மாற்றுச் சட்டைப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

அந்தப் பாட்டு எனக்குப் புதியது. பாட்டு கேட்டே பழகிய ஸ்பானிஷில் வார்த்தைகள் பாதிதான் புரிந்தன. விட்டுப் போனவள் வீட்டு வாசலில் நின்று ஒருவன் பாடுகிறான். அவள் கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறான், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாபம் வைத்திருக்கிறான். கடைசிப் பகுதியில் கிட்டார் ஏறிக்கொண்டே போனபோது, சரி, இப்போது மன்னித்துவிடுவான் என்று நினைத்தேன். பாட்டுகள் பொதுவாக அப்படித்தான் முடியும். முழுவதும் காது கொடுத்துக் கேட்டேன். பாடகன் மன்னிக்கவே இல்லை. எனக்கு அவனை மிகவும் பிடித்துப் போயிற்று.